செம்பனைத் தோட்டத்தில் களப்பணி: சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஓர் அன்றாட வழிகாட்டி

பறவை, எலி, வண்ணத்துப்பூச்சி, ஆற்றுநீர் என்று ஏதோ ஒன்றை ஆராயத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேசியாவின் செம்பனை (பாமாயில் எடுக்கும் பனை) தோட்டங்களுக்கு வருகிற சைவக்காரர்கள் முதல் வாரத்தில் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பெட்டி நிறைய ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுவருகிறார்கள். விடியற்காலை 5 மணிக்கு எதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது என்று யோசிக்காமல் படுத்துவிடுகிறார்கள். சுங்கை சிப்புட் போன்ற ஊரில் பருப்பு, புளி, பெருங்காயம், அப்பளம் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கும். இங்கே தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். அதற்கு அடுத்த தொல்லை, கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நெத்திலியும் இறாலும். இந்த இரண்டுக்கும் வழி செய்துவிட்டால் மற்றவை தானாக நடக்கும்.

சுங்கை சிப்புட் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. ரயில் நிற்கும். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரை இங்கே இன்னும் கேட்பீர்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி குளுவாங், தெலுக் இந்தான், கூலிம் போன்ற மற்ற தோட்டப்புற ஊர்களுக்கும் பொருந்தும்.

கிளம்பும் முன்

சுற்றுலாப் பயணியாக உள்ளே வர முடிகிறது என்பதற்காக ஆய்வும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு ஆய்வாளருக்கு மத்திய அரசின் ஆய்வு அனுமதி வேண்டும். காட்டுயிரைப் பிடித்தாலோ மாதிரி எடுத்தாலோ 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். உயிரியல் வளங்களை அணுகுவதற்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. இவற்றை உங்களுடன் சேர்ந்து பணியாற்றும் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் வழியாகத் தொடங்குவதுதான் வழக்கம்; மாதக்கணக்கில் ஆகும். வந்து இறங்குவதற்கு 3 நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். கட்டணம் கிடையாது.

பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் கொஞ்சமாக இருக்கட்டும். முளைக்கக்கூடிய விதை, பச்சைக் கறிவேப்பிலை, மண் ஒட்டிய கிழங்கு எதுவும் வேண்டாம். விமான நிலையத் தனிமைப்படுத்தல் பிரிவில் மாட்டிக்கொள்ளும். கொண்டுவர வேண்டியவை: இறுக மூடும் இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன், ஒரு கரண்டி, உங்களுக்குப் பழக்கமான மருந்து, பால்கூட எடுக்காதவர் என்றால் பி12 மாத்திரை. டெம்பே போன்ற புளித்த சோயாவில் பி12 இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

இந்திய இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவர வேண்டாம். இங்கே 240 வோல்ட், தட்டையான மூன்று முள் பிளக். 2,000 வாட் அடுப்பைப் பயண அடாப்டரில் சொருகினால் அடாப்டர் உருகும். ஒரு லிட்டர் ரைஸ் குக்கரை வந்த அன்றே ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது தோட்டத்து வீடு ஒன்றில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கேட்கத் தெரிய வேண்டும்

தமிழ்க் கடையில் 'சைவம்' என்றால் புரியும். அசைவத்தை இங்கே 'மச்சம்' என்றும் சொல்வார்கள். ஆனால் முட்டை சைவமா என்பது கடைக்குக் கடை மாறும். 'அக்கா, மச்சம் வேணாம், முட்டையும் போடாதீங்க, மீன் கரண்டி படாம குடுங்க' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பாதி ஊரே விரதம். இந்தக் கேள்வி அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

மலாய்க் கடையில்தான் கவனம் வேண்டும். 'டாகிங்' என்றால் அகராதிப்படி இறைச்சி. பேச்சில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. 'சாயா தா மாக்கான் டாகிங்' என்று மட்டும் சொன்னால், மாடு சாப்பிடாத இந்துவாக்கும் என்று எண்ணிக் கோழியை வைத்துக் கொடுப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: 'டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், செமுவா தா மாக்கான். சாயோர் சாஜா.' இறைச்சி, கோழி, மீன், இறால் எதுவும் வேண்டாம், காய்கறி மட்டும் என்று பொருள். அதோடு 'ஈக்கான் பிலிஸ் தா மாவ், பெலாச்சான் தா மாவ்' என்பதையும் சேர்க்க வேண்டும். முன்னது நெத்திலிக் கருவாடு. பின்னது இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த கட்டி. இந்த இரண்டையும் பலர் மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை. உப்பு, மிளகாய் போல ஒரு சேர்மானம், அவ்வளவுதான்.

சீனர் கடைகளில் மஞ்சள் பலகையும் பௌத்த சுவஸ்திகமும் இருந்தால் சைவக் கடை. அங்கே பூண்டு வெங்காயம்கூட இருக்காது. 'வாத்து', 'மீன்' என்று எழுதியிருப்பது சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த போலி. சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு உண்டு, கேளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் கூட்டம் நெரியும், சாப்பாடு சீக்கிரம் தீரும்.

பொட்டலங்களில் பச்சைப் புள்ளி கிடையாது. ஹலால் முத்திரை சைவத்துக்கான சான்று ஆகாது. மாட்டு ஜெலட்டின் சேர்த்த தயிரும் மிட்டாயும் ஹலாலாகவே இருக்கும். சேர்மானப் பட்டியல் மலாயில் இருக்கும். ஈக்கான், ஊடாங், ஆயாம், லெம்பு (மாடு), தெலோர் (முட்டை), தீராம், ஜெலத்தின் ஆகிய சொற்களை முதல் நாளே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டு எழுத்துக்கூட்டிக் கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'தீராம்' சிப்பி, சோஸில் வரும். மறுபக்கமும் உண்டு: மசாலா அலமாரியில் 'மீன் கறித்தூள்', 'இறைச்சி கறித்தூள்' என்று பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். மீனுக்கும் இறைச்சிக்கும் போடுகிற மசாலா அது, உள்ளே மல்லியும் மிளகாயும் சோம்பும்தான்.

கடையில் எதை நம்பலாம்

காலையில் தோசை, இட்லி, 'ரொட்டி கோசோங்' என்கிற வெறும் பரோட்டா. சாம்பார் பெரும்பாலும் சரியாக இருக்கும். பரோட்டாவுக்கு ஊற்றும் 'குவா' என்கிற குழம்புதான் சந்தேகத்துக்குரியது. பருப்புக் குழம்பில் மீன்குழம்பை ஒரு கரண்டி கலந்து ஊற்றுவது மாமாக் கடைகளில் (தமிழ் முஸ்லிம் உணவகங்கள்) சர்வசாதாரணம். 'டால் சாஜா' என்று சொல்லுங்கள். சில கடைகளில் மாவிலேயே முட்டை சேர்ப்பார்கள்.

நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறுதான், ஆனால் சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் இருக்கும். கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான். ரோஜாக் என்கிற பழ, காய்க் கலவையில் இறால் விழுது. மீகோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸில் இறால் சாறு. தொம்யாம் என்கிற தாய்லாந்துப் புளிப்புச் சூப் பக்கமே போக வேண்டாம். யோங் தவ்ஃபூவில் கத்தரிக்காய், வெண்டைக்காய், சோயாக்கட்டி என்று பார்க்கச் சைவமாகத் தெரியும்; ஒவ்வொன்றின் வயிற்றிலும் மீன்மாவு. குழல் வடிவப் பையில் மஞ்சளாக விற்கும் மென்மையான சோயாக்கட்டி முட்டை கலந்தது. வடைக்கடையில் இறால் வடையும் மசால்வடையும் ஒரே எண்ணெயில் வேகும். அது பரவாயில்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், ஊருக்கு வந்த பிறகு அல்ல, வருமுன்பே.

வாழை இலைக் கடையில் காய்களும் ரசமும் மோரும் கேட்கக் கேட்க வரும். ஒரு களப்பணியாளருக்கு இதைவிட மலிவான மதியச் சாப்பாடு ஊரில் இல்லை. மாலைப் பலகாரத்தில் கோரெங் பீசாங் என்கிற வாழைப்பழ வறுவல், செண்டோல், தவ்ஃபூஃபா இவற்றுக்குப் பயமில்லை. 'தே' என்றால் கெட்டிப்பால் டீ, 'தே ஓ' பால் இல்லாதது, 'தே ஓ கோசோங்' சர்க்கரையும் இல்லாதது.

வாரச் சாமான்

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 50 கிராம் புரதம் வேண்டும்; சேற்றில் நாளெல்லாம் நடப்பவர் 70 என்று வைத்துக்கொள்வது நல்லது. சோறும் ரசமுமாக ஓட்டினால் பாதிகூடத் தேறாது. மூன்றாவது வாரம் கால் இழுக்கும்போதுதான் தெரியும். ஒரு நாளைக்கு இப்படிப் பிரிக்கலாம்: அரிசி 300 கிராம் (புரதம் சுமார் 20), மைசூர்ப் பருப்பு 75 கிராம் (18), டெம்பே 100 கிராம் (19), நிலக்கடலை 40 கிராம் (10), பால் 250 மில்லி (8). மொத்தம் 75. வாரத்துக்கு ஏழால் பெருக்கி ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். டெம்பே மட்டும் இரண்டு தடவை.

மைசூர்ப் பருப்பைச் சொல்வதற்குக் காரணம், அது ஊறவைக்காமலே ரைஸ் குக்கரில் 25 நிமிடத்தில் குழைந்துவிடும். துவரைக்குப் பிரஷர் குக்கர் வேண்டும். 75 கிராமுக்கு 300 மில்லி தண்ணீர், மஞ்சள், அரைக் கரண்டி எண்ணெய். எண்ணெய் விடாவிட்டால் நுரை பொங்கி மூடி வழியாக வெளியே வரும், எறும்பு வரும்.

டெம்பே சந்தையில் இலையிலோ பிளாஸ்டிக்கிலோ கட்டி விற்பார்கள். மேலே வெள்ளைப் பூஞ்சை இருந்தால் நல்லது, சாம்பல் கறுப்புப் புள்ளிகளும் பரவாயில்லை. பிசுபிசுத்து அமோனியா வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். வெளியே வைத்தால் தொடர்ந்து புளிக்கும். குளிர்பெட்டியில் 3, 4 நாள் இருக்கும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் 10 நிமிடம் போட்டு வறுத்தால் மறுநாள் மதியம்வரை கெடாது.

நல்லெண்ணெயைத் தமிழ்க் கடையிலேயே வாங்குங்கள். பேரங்காடியில் 'மிஞாக் பீஜான்' என்று கருகருவென இருப்பது வறுத்த எள்ளின் எண்ணெய். புளியோதரையில் ஊற்றினால் சீன நூடுல்ஸ் வாசம் வரும்.

முந்தைய இரவும் விடியற்காலையும்

மலேசியக் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. பேராக்கில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கும், பிப்ரவரி வாக்கில் 7.30ஐத் தொடும். தோட்டத்துப் பெரட்டோ (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) இருட்டிலேயே முடிந்துவிடும். மண்டோரையும் (மேற்பார்வையாளர்) கிராணியையும் (எழுத்தர்) அங்கே பிடித்தால்தான் இன்று எந்தக் கட்டில், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவில், குலை வெட்டு, எங்கே மருந்தடிப்பு என்று தெரியும். ஊர்க்கடை திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தால் பெரட்டும் போகும், பறவைக் கணக்கெடுப்பும் போகும். ஆகவே:

1. இரவு 9 மணிக்குள் டெம்பேயை வறுத்து ஆறவைத்து மூடுங்கள். நிலக்கடலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள்.
2. 150 கிராம் அரிசியைக் கழுவி, தண்ணீர் அளந்து குக்கரில் விட்டுவையுங்கள். இரவிலேயே வேகவைத்து வெளியே வைப்பது தவறு. சோற்றில் வளரும் பாக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.
3. காலை 4.30க்குக் குக்கரைப் போடுங்கள். வெந்ததும் தாம்பாளத்தில் பரப்பி 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு டிபனில் அடைத்தால் மூடியில் நீர் கோத்துச் சொட்டி, 11 மணிக்கே சோறு நொந்துவிடும்.
4. இரண்டு மேசைக்கரண்டி புளிக்காய்ச்சலைக் கலந்து அழுத்தி அடையுங்கள். கடலையைச் சாப்பிடும்போது சேர்த்தால் மொறுமொறுப்பு போகாது.
5. கிளம்பும் முன் வாழைப்பழம் இரண்டு, ஒரு தம்ளர் பால். 9.30க்கு ரொட்டியும் கடலையும். டிபன் 12 மணிக்கு.

புளிக்காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு: புளி 100 கிராம், நல்லெண்ணெய் 150 மில்லி, காய்ந்த மிளகாய் 12, கடலைப்பருப்பு மூன்று மேசைக்கரண்டி, கடுகு, வெந்தயப் பொடி, பெருங்காயம், மஞ்சள், உப்பு. கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை 30, 40 நிமிடம் காய்ச்ச வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் நீர் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஈரக் கரண்டி போட்டாலும் அதே கதி. தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம், தயிர்சாதம் மூன்றும் தோட்டத்து வெயிலுக்கு ஆகாது. எலுமிச்சைச் சாதம் ஒருவேளைக்குத் தாங்கும்.

கட்டுக்குள்

செம்பனை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்பட்டிருக்கும். ஹெக்டேருக்கு சுமார் 140 மரம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால் வழி தப்புவது எளிது, கட்டு எண் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஒரு குலை 10 முதல் 25 கிலோ இருக்கும். வெட்டு நடக்கும் வரிசையில் தலைக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள், உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம்.

சாப்பாட்டுப் பையை வரிசைகளுக்கு நடுவே குவித்திருக்கும் மட்டைக் குவியலில் வைப்பது புதியவர்கள் செய்யும் வேலை. அங்கே எலி இருக்கும், எலி இருப்பதால் நாகமும் இருக்கும். இந்தப் பக்கத்துக் கறுநாகம் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சக்கூடியது. பையை வண்டியில் தொங்கவிடுங்கள், ஜிப்பை மூடுங்கள். குரங்கு ஜிப்பைத் திறக்கும், ஆனால் எவர்சில்வர் கொக்கியைத் திறக்க நேரமாகும்.

வாய்க்கால் ஓரத்துப் பாக்குக் கீரையையும் (உண்ணத்தகும் பெரணித் தளிர்) கங்கோங்கையும் பார்த்ததும் கை நீளும். பறிக்க வேண்டாம். களைக்கொல்லி அடிக்கும் இடம் அது. பாரகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை என்றாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. அதே கீரை சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. வெறுங்குலைக் குவியலில் மழைக்குப் பிறகு முளைக்கும் செம்பனைக் காளானைத் தோட்டத்து மக்கள் எடுத்துச் சமைப்பார்கள். அவர்கள் பறித்துக் கொடுத்தால் வாங்கலாம், நீங்களாகப் பொறுக்க வேண்டாம்.

சாப்பிடும் முன் கையைச் சோப்பால் கழுவுவதற்கென்று தனியே அரை லிட்டர் தண்ணீர் எடுத்துப்போங்கள். வாய்க்கால் நீரில் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். எலிச் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கரண்டி கொண்டுவரச் சொன்னதும் இதற்காகத்தான். களத்துக்குப் போய்வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'தோட்டத்தில் எலி, சேறு' என்ற விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கிக்கு மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். குடிக்க 3 முதல் 4 லிட்டர். வயிறு போனால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

இரைப்பொறியும் சைவமும்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் தட்டு சைவமாக இருக்கலாம், உங்கள் ஆய்வு அப்படி இருக்காது. கூகைப் பெட்டியின் கீழே கிடக்கும் உமிழ்வுருண்டையை (கூகை செரிக்காமல் கக்கியது) பிரித்தால் எலி மண்டையோடு. சாண வண்டுக்குச் சாணப் பொறி. வண்ணத்துப்பூச்சிக்கு அழுகிய வாழைப்பழம் போதும். ஆனால் சில இனங்களுக்கு அழுகிய இறாலோ மீனோ கேட்பார்கள். உங்களால் எதைத் தொட முடியும், எதை முடியாது என்பதைத் திட்டம் எழுதும்போதே குழுத்தலைவரிடம் பேசுங்கள். எலிக் கூண்டுக்குக் கருவாட்டுக்குப் பதில் கனிந்த செம்பனைப் பழமோ சுட்ட தேங்காயோ வைக்கலாம். ஆனால் ஆய்வின் பாதியில் இரையை மாற்றினால் முன்பின் தரவை ஒப்பிட முடியாது. முதல் பொறியிலிருந்தே ஒன்றாக இருக்க வேண்டும்.

மீன் இரை தவிர்க்க முடியாதது என்றால் அதற்குத் தனி மூடிப்பெட்டி, தனிக் கையுறை, தனிக் கத்தி. சாப்பாட்டுக் குளிர்பெட்டியில் ஒரு நாள் பெலாச்சான் வைத்தால் அந்தப் பெட்டி பிறகு இரைப்பெட்டிதான்.

குழுவாகத் தங்கினால், மலாய் நண்பருக்கு ஹலால், சீன நண்பருக்குப் பன்றி, உங்களுக்குச் சைவம் என்று மூன்று அடுப்பு மூட்ட முடியாது. இரவுச் சமையலைச் சைவமாக வைத்தால் எல்லாரும் ஒரே பானையில் சாப்பிடலாம். சமைக்கிற முறையை நீங்கள் எடுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற முறையை அவர்களிடம் தள்ளிவிடுங்கள்.

நாள்காட்டி

ரமலானில் மலாய்க் கடைகள் பகலில் மூடியிருக்கும், தமிழ் சீனக் கடைகள் இருக்கும். நோன்பு இருக்கும் உதவியாளர் முன்னால் டிபனைத் திறக்காமல் கொஞ்சம் தள்ளிப் போவது மரியாதை. வெள்ளி மதியம் பேராக் அரசு அலுவலகத்தில் 12.15 முதல் 2.45 வரை வேலை ஆகாது. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் வழியெல்லாம் இருக்கும், சமைக்கவே வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளும் அப்படியே.

கோவில் சாப்பாடு என்றாலே சைவம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முனியாண்டி பூசை நடக்கும் தோட்டங்களில் கிடா வெட்டிச் சமைப்பார்கள். 'அண்ணே, இன்னிக்குப் படையல் சைவமா?' என்று கேட்டுவிட்டு இலை போடுங்கள்; வேறு சோறு எடுத்துவைத்திருந்தால் கொடுப்பார்கள்.

சீனப் புத்தாண்டுதான் உண்மையான பஞ்ச காலம். காய்கறிச் சந்தை இரண்டு மூன்று நாள் வெறிச்சோடும், சோயாக்கட்டி அதைவிட அதிக நாள் கிடைக்காது. இரண்டு நாள் முன்பே முட்டைக்கோஸ், கேரட், பூசணி, உருளைக்கிழங்கு, ஒரு கிலோ மைசூர்ப் பருப்பு வாங்கிவிடுங்கள். சோயாக்கட்டி வாங்கினால் தண்ணீரில் மூழ்க வைத்து, தினமும் நீரை மாற்றினால் மூன்று நாள் வரும். உறையவைத்தால் இன்னும் நாள்படும். பஞ்சு போல ஆகிவிடும், குழம்பில் போட அதுவே நன்றாக இருக்கிறது.